சும்மா வந்தவனுக்கு எத்தனை மார்க்கு?

ஏலே பேராண்டி, இங்க வா. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை. நேத்து எவனோ ஒருத்தன் புது ஜெர்சியைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டுனான். நீ அந்த நிமிசமே பத்துக்கு ஒம்பதரைன்னு மார்க்கு போட்டு நாலு பேருக்கு அனுப்பிட்ட. அவன் இன்னும் ஒரு பந்தைத் தொடல. அந்த ஊருல குடியிருக்க ஒரு வீடு கூடப் பாக்கல. அதுக்குள்ள ஒம்பதரை! மிச்சம் அரை மார்க்கை எதுக்குலே புடிச்சி வச்ச? கையெழுத்து கோணலா இருந்துச்சோ?

கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. இந்த வயசுல ராத்திரித் தூக்கம் ஏது? ஒண்ணரை மணிக்குச் சாம்பியன்ஸ் லீக்கைப் போட்டுட்டு நீ பாதியில குறட்டை விடுத. மிச்சத்தைப் பாக்குதது நான்தான். காலையில எந்திரிச்சி "தாத்தா, யாரு ஜெயிச்சா"ன்னு என்கிட்டத்தான கேக்குத?

உன் பேச்சுல எனக்குப் புடிக்காத வார்த்தை ஒண்ணே ஒண்ணு. "சும்மா கெடைச்சான் தாத்தா, ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்." தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்காதேன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. கால்பந்துல அதை அப்படியே தலைகீழாத் திருப்பி வச்சிக்கோ. காசு குடுத்து வாங்குனவன் பல்லை ஒரு தரம் பாத்தாப் போதும். சும்மா வந்தவன் பல்லை ரெண்டு தரம் பாக்கணும். பழைய கிளப்புக்குக் குடுக்காம மிச்சம் புடிச்ச காசு எங்க போகுதுன்னு நெனைக்க? கையெழுத்துப் போடுததுக்குத் தனியா ஒரு தொகை, வாரச் சம்பளத்துல ஒரு பங்கு, தரகனுக்கு ஒரு பங்கு. ஒரு காசு கூட வீட்டுல தங்காது. விக்கிறவன் இல்லாத யாவாரத்துல வாங்குதவன்தான் ஏமாறுவான்.

இந்த யாவாரம் பொறந்த கதை உனக்குத் தெரியுமோ என்னமோ. பெல்ஜியத்துல ழான் மார்க் போஸ்மன்னு ஒரு ஆட்டக்காரன். 1990ல லியேஜ் கிளப்போட அவனுக்கு ஒப்பந்தம் முடிஞ்சிட்டு. பிரான்சுல டன்கிர்க்குக்குப் போறேங்கான். லியேஜுக்காரங்க, காசு வந்தாத்தான் விடுவோம்னு நின்னுட்டாங்க. ஒப்பந்தமும் கெடையாது, விடுதலையும் கெடையாது, சம்பளம் மட்டும் குறைஞ்சது. அஞ்சு வருசம் வழக்கு நடந்து 1995 டிசம்பர் 15ல லக்சம்பர்க்குல இருக்குத ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிஞ்சவனைப் புடிச்சி வைக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டு. அதுல கோடீஸ்வரனா ஆனவங்க எத்தனையோ பேரு. போஸ்மனுக்கு மட்டும் அதுக்குள்ள ஆடுத வயசு போயிட்டு. அவன் பேரைச் சொல்லி அடுத்தவன் சம்பாதிக்கான், அவ்வளவுதாம்.

சரி, மார்க்குக்கு வருவோம். சும்மா ஆள் புடிக்குததுல பேர் போன கடை இத்தாலியில யுவென்டஸ். அவங்க கணக்கு நோட்டை மட்டும் பெரட்டுனாலே உனக்கு எல்லாம் வெளங்கும்.

2011ல ஏசி மிலான் அப்பத்தான் லீக் பட்டத்தை அடிச்சி முடிச்சிருக்கு. ஆந்த்ரேயா பீர்லோவுக்கு வயசு 32. முப்பது தாண்டுனவனுக்கு ஒரு வருச ஒப்பந்தம்தான், வேணும்னா இரு, இல்லாட்டா நடையைக் கட்டுங்கற மாதிரி பேசுனாங்க. அவன் நடையைக் கட்டி யுவென்டஸுக்குப் போயிட்டான். அன்னைக்கு நீ இருந்திருந்தா என்ன மார்க்கு போட்டிருப்ப? "கெழட்டுப் பய, அஞ்சு"ன்னு போட்டிருப்ப. அடுத்த சீசன்ல யுவென்டஸ் ஒரு லீக் ஆட்டம் கூடத் தோக்காம பட்டம் அடிச்சிட்டு. அவன் இருந்த நாலு வருசத்துல நாலு லீக் பட்டம், 2015ல சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். விட்டவங்க கதை தெரியுமா? மிலான் அடுத்த லீக் பட்டத்தைப் பாக்குததுக்கு 2022 வரைக்கும் காத்துக் கெடந்துச்சி.

மறு வருசம் பால் போக்பா. 19 வயசுப் பையன். மான்செஸ்டர் யுனைட்டெட்ல அவனுக்கு ஆட இடம் கெடைக்கல, ஒப்பந்தம் முடிஞ்சதும் யுவென்டஸுக்கு வந்துட்டான். சின்னதா ஒரு ஈட்டுத்தொகை போக, சும்மான்னே வச்சிக்கோ. நாலு சீசன், நாலு லீக் பட்டம். அதுக்கப்புறம் 2016ல அதே யுனைட்டெட்டுக்கே 8 கோடியே 90 லட்சம் பவுண்டுக்குத் திருப்பி வித்தாங்க. அன்னைக்கு உலகத்துலயே எவனுக்கும் அவ்வளவு குடுத்ததில்ல. தன் வாசல்ல இருந்து சும்மா போனவனைத் தானே காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த பெரிய மனுசங்க யுனைட்டெட். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புரை ஏறுது.

யுவென்டஸுக்கு இதுல ருசி கண்டு போச்சு. 2019ல ஆர்சனல்ல ஒப்பந்தம் முடிஞ்ச ஏரன் ராம்சேயைக் கூட்டிட்டு வந்தாங்க. வாரத்துக்கு 4 லட்சம் பவுண்டுன்னு அன்னைக்குப் பேப்பர்காரங்க எழுதுனாங்க. வாரத்துக்குலே! நல்ல ஆட்டக்காரன்தான், இல்லைன்னு சொல்லல. ஆர்சனலுக்கு ரெண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியில ஜெயிக்குத கோல் அடிச்சவன். ஆனா ஒடம்பு ஒத்துழைக்கல. ஒரு மாசம் ஆட்டம், ஒரு மாசம் கட்டுப் போட்டு உக்காரல். கடைசியா ஸ்காட்லாந்துல ரேஞ்சர்ஸுக்கு இரவல் குடுத்தாங்க. அங்க 2022 யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், செவில்லா. பெனால்டிக்குன்னே கூடுதல் நேரம் முடியப் போற நேரத்துல ராம்சேயை உள்ள எறக்குனாங்க. அவன் அடிச்சதை ஃபிராங்க்ஃபர்ட் கோல்கீப்பர் கால்ல தடுத்துட்டான். கோப்பை போயிட்டு. அந்தக் கோடையிலயே யுவென்டஸ் அவன் ஒப்பந்தத்தைப் பேசி முடிச்சி அனுப்பி வச்சிட்டு.

இதோட நிப்பாட்டியிருக்கலாம். அதே 2022ல யுனைட்டெட்ல போக்பாவுக்கு மறுபடியும் ஒப்பந்தம் முடிஞ்சது, மறுபடியும் சும்மா யுவென்டஸுக்கு வந்தான். நீ அப்ப பத்துக்குப் பத்து போட்டியாமே? உங்க அம்மா சொன்னா. பழைய நெனப்புடா உனக்கும் அவங்களுக்கும். 19 வயசுல வந்தவன் வேற, 29 வயசுல வந்தவன் வேற. கடைசி வருசம் யுனைட்டெட்லயே பாதி நாள் காயத்துல கெடந்தவன்னு எல்லாருக்கும் தெரியும். வந்த மாசத்துலயே முழங்கால் போயிட்டு. அந்த சீசன்ல விரல் விட்டு எண்ணுத அளவுக்குத்தான் எறங்குனான். 2023ல ஊக்கமருந்துச் சோதனையில மாட்டி, முதல்ல நாலு வருசத் தடை, அப்பீல்ல 18 மாசமாக் கொறைஞ்சது. 2024 நவம்பர்ல ஒப்பந்தத்தை முறிச்சிட்டாங்க. ஒரே ஆளு, ஒரே கிளப்பு, ரெண்டு தடவையும் சும்மா. முதல் தடவை பொக்கிசம், ரெண்டாந் தடவை தண்டச் செலவு. இந்த ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதி வச்சிக்கிட்டு அப்புறம் மார்க்கு போட வா.

காயத்துக்கு யாரு என்ன செய்ய முடியும் தாத்தாங்க நீ. ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாதுதான். ஆனா முன்னப் பட்ட காயம் எத்தனைன்னு எண்ணிப் பாக்கலாம்லா? அதுக்குப் பட்டப்படிப்பு வேண்டாம், விரல் இருந்தாப் போதும்.

பாரிஸ்காரங்க கூத்தைச் சொல்லாம விட்டா எனக்கு ராத்திரிக் கஞ்சி எறங்காது. 2021 கோடையில பிஎஸ்ஜி மெஸ்ஸி, செர்ஜியோ ராமோஸ், தொன்னாரும்மா, வைனால்டம்னு நாலு பேரையும் ஒத்தைக் காசு ட்ரான்ஸ்ஃபர் தொகை குடுக்காம வாங்குனாங்க. நீயும் உன் கூட்டாளியளும் தெருவுல வெடி போட்டீங்க, ஞாபகம் இருக்கா? மெஸ்ஸி முதல் லீக் சீசன்ல அடிச்சது 6 கோல். ராமோஸ் கெண்டைக்காலைப் புடிச்சிக்கிட்டு மாசக்கணக்கா உக்காந்துட்டாரு. வைனால்டத்தை மறு வருசமே ரோமாவுக்கு இரவல் விட்டாங்க. சாம்பியன்ஸ் லீக்ல ரியல் மாட்ரிட் கிட்ட, அடுத்த வருசம் பாயர்ன் கிட்ட, ரெண்டு தரமும் ரவுண்ட் ஆஃப் 16லயே ஊருக்குத் திரும்பிட்டாங்க. உலகக் கோப்பையைத் தூக்கிட்டு வந்த மெஸ்ஸியவே சொந்த மைதானத்துல கூச்சல் போட்டு வழியனுப்புன ஊரு அது.

அந்த நாலு பேருல உன் மார்க்கு ரொம்பக் கொறைஞ்சவன் யாரு? தொன்னாரும்மா. ரியல் மாட்ரிட் ஆட்டத்துல பந்தை பென்சிமாகிட்டக் கோட்டைவிட்டதுக்கு நீ குடுத்த மார்க்கு ரெண்டு. 2025 மார்ச்சுல லிவர்பூல் ஆன்ஃபீல்டுல பெனால்டியில ரெண்டைத் தடுத்தான் பாரு, அங்க திரும்புனது காத்து. மே 31ல மியூனிக்ல இன்டர் மிலானை 5-0ன்னு அடிச்சி முதல் தடவையா சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கும்போது அந்த நாலு பேருல பாரிஸ்ல மிஞ்சி இருந்தது அவன் ஒருத்தன்தான். மூணு மாசத்துல அவனையும் மான்செஸ்டர் சிட்டிக்கு வித்துட்டாங்க. சும்மா வந்தவன் கோப்பையும் குடுத்து, போகும்போது காசும் குடுத்துட்டுப் போயிருக்கான்.

உனக்கு நான் சொல்லுத ரகசியம் இதுதாம்லே. வந்த விதத்தைப் பாத்து மார்க்கு போடாத, போன விதத்தைப் பாத்துப் போடு. லெவண்டோவ்ஸ்கி 2014ல டோர்ட்முண்ட்ல இருந்து சும்மா பாயர்னுக்கு வந்தான். எட்டு சீசன், எட்டு லீக் பட்டம், 375 ஆட்டத்துல 344 கோல். போகும்போது வயசு 33, அப்பவும் பார்சிலோனா கிட்ட நாலரைக் கோடி யூரோ வாங்கிக்கிட்டுத்தான் விட்டாங்க. இதுக்கு மேல ஒரு சும்மா கெடையாது.

போன விதம்னு சொன்னதும் வின்ஸ்டன் போகார்ட் ஞாபகம் வருது. 2000ல பார்சிலோனாவுல இருந்து சும்மா செல்சிக்கு வந்த டச்சுக்காரன். நாலு வருச ஒப்பந்தம், வாரத்துக்கு 40,000 பவுண்டுன்னு பேச்சு. அவனை வாங்கும்போது பயிற்சியாளரா இருந்த வியாலியைச் சில வாரத்துலயே அனுப்பிட்டாங்க. புதுசா வந்த ரனியேரிக்கு அவன் வேண்டாம். கெளம்புன்னு சாடையாச் சொல்லிப் பாத்தாங்க, ஜூனியர் பையன்களோட பயிற்சிக்கு அனுப்பிப் பாத்தாங்க. அவன் அசையல. தெனமும் வந்தான், பயிற்சி செஞ்சான், சம்பளத்தை வாங்குனான், நாலு வருசத்தையும் முடிச்சிட்டுத்தான் போனான். ஊரே அவனைத் திட்டுச்சி. எனக்கு அவன் மேல ஒரு தனி மரியாதை. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது ரெண்டு பேரு, திட்டு மட்டும் ஒருத்தனுக்கா? அவனுக்கு நான் பத்துக்குப் பத்து போடுதேன். பூஜ்யம் செல்சிக்கு.

கைதட்டல் இல்லாம வந்தவங்களையும் கொஞ்சம் பாரு. ஜேம்ஸ் மில்னர் 2015ல சிட்டியில இருந்து லிவர்பூலுக்குச் சும்மா வந்தான். ஒரு முழு சீசனுக்கு இடது பேக்கா ஆடச் சொன்னாங்க, பழகாத எடம், மூச்சு விடாம ஆடுனான். மறு வருசம் ஷால்கேயில இருந்து மாட்டிப், அவனும் சும்மா. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியில ஒரிகி அடிச்ச ரெண்டாவது கோலுக்குப் பந்தைக் குடுத்தது அவன்தான்.

ஆனா இந்த விசயத்துல எனக்குத் தலைவன் கேரி மக்கலிஸ்டர். 2000ல கோவென்ட்ரியில இருந்து லிவர்பூலுக்குச் சும்மா வரும்போது வயசு 35. வழுக்கை மண்டை. இவனை எதுக்குப் புடிச்சாங்கன்னு லிவர்பூல் ஊர்க்காரனே கேட்டான். 2001 ஏப்ரல், எவர்டன் மைதானத்துல டெர்பி ஆட்டம். 2-2, லிவர்பூல்ல ஒருத்தன் சிவப்பு அட்டை வாங்கி வெளிய போயிட்டான், காய நேரம் ஓடுது. நாப்பது கெசம் தள்ளி ஒரு ஃப்ரீ கிக். அவ்வளவு தூரத்துல இருந்து எவனும் நேரா அடிக்க மாட்டான், உள்ள நிக்க கூட்டத்துக்குத் தூக்கித்தான் போடுவான்னு எல்லாரும் கோல் வாசல்ல முண்டிக்கிட்டு நிக்காங்க. இவன் பந்தை நைசா ரெண்டு எட்டு முன்னால தள்ளி வச்சான். அப்புறம் தரையோட தரையா வளைச்சி அடி மூலையில விட்டான். கோல்கீப்பர் எட்டுததுக்குள்ள பந்து வலையில கெடக்கு. மறு மாசம் டோர்ட்முண்ட்ல அலவேஸோட யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி, 5-4. ஜெயிச்ச கோல் அவன் அடிச்ச ஃப்ரீ கிக்ல எதிராளி தலையில பட்டு உள்ள போனது. அந்த ஆட்டத்துக்குச் சிறந்த ஆட்டக்காரன்னு அவனுக்குத்தான் குடுத்தாங்க. ஒரே சீசன்ல மூணு கோப்பை. நீ அன்னைக்கு இருந்திருந்தா போட்டோ வந்த நாள்ல அவனுக்கு மூணு மார்க்கு குடுத்துருப்ப. குடுக்கலைன்னு சத்தியம் பண்ணுவியா?

கடைசியா எம்பாப்பே. அதைத்தான கேக்கணும்னு வாயைத் தெறந்து தெறந்து மூடுத? 2024ல பிஎஸ்ஜியில இருந்து சும்மா ரியல் மாட்ரிட்டுக்குப் போனான். சம்பளப் பாக்கின்னு பழைய கிளப்போட கோர்ட்டு வரைக்கும் போன சும்மா அது. முதல் சீசன்ல எல்லா ஆட்டமும் சேத்து 44 கோல், ஐரோப்பாவுக்கே கோல்டன் ஷூ. ஆனா அந்த வருசம் லா லிகா பார்சிலோனாவுக்கு, சாம்பியன்ஸ் லீக்ல ரியலை ஆர்சனல் வீட்டுக்கு அனுப்பிட்டு, கோப்பையைத் தூக்குனது அவன் விட்டுட்டுப் போன பாரிஸ்காரங்க. கோலை எண்ணுனா பத்து, அலமாரியை எண்ணுனா நாலு. நீ எதை எண்ணுதியோ, உன் இஷ்டம். நான் அவனுக்கு இன்னும் மார்க்கே போடல. ஒப்பந்தம் 2029 வரைக்கும் இருக்கு.