நூற்றுக்கு மூவர்

சினிமா வந்தாச்சு, இனிப் பாடப்புத்தகத்துக்கு வேலையில்லை என்று 1922-ல் சொன்னார் எடிசன். ஐம்பதாண்டில் உலகில் பத்துப் பல்கலைக்கழகங்கள்தான் மிஞ்சும் என்று 2012-ல் சொன்னார் செபாஸ்டியன் த்ரன். முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் அவர் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள், அந்தத் தெம்பு.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் என்ற இணையத் தளத்தில் நடத்திய படிப்புகளின் கணக்கைப் புரட்டிய ஆய்வாளர்கள் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: 2017-18-ல் முடித்தவர் நூற்றுக்கு மூவர். பல்கலைக்கழகங்கள் அசையவில்லை. எட்எக்ஸை 2021-ல் 80 கோடி டாலருக்கு வாங்கிய நிறுவனம்தான் 2024-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது.

ஆராய்ச்சிக்கு மட்டும் குறைவில்லை. மாணவர்கள் ஏன் பாதியில் ஓடினார்கள் என்று விளக்கும் கட்டுரைகளைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையும் யாராவது ஆராயலாம்.