வீட்டு விக்கியில் அரட்டை

எங்கள் வீட்டில் சொந்தமாக ஒரு விக்கி ஓடுகிறது. விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருள்தான். இலவசம் என்பதால் எனக்கும் கிடைத்தது. மகன் கழித்துப்போட்ட லேப்டாப்பை பீரோ மேல் ஏற்றி, வைஃபை பெட்டியோடு கோத்துவிட்டேன். கோலார் தங்கவயலில், எங்கள் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் சொந்த சர்வர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

'தண்ணீர் வரும் நாள்', 'அத்தை மாத்திரை', 'மொய்க் கணக்கு', 'பத்திரங்கள் எந்தப் பெட்டியில்' என்று பக்கங்கள் பெருகின. 'அண்மைய மாற்றங்கள்' பகுதியைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான். ஒரு குடும்பமே கூடி எழுத வேண்டிய இடத்தில் நான் தனியாக நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"யாரும் எழுதலேன்னா பேச்சுப் பக்கத்துல கருத்தாவது சொல்லுங்க" என்றேன். என் மனைவி ஒருமுறை முயன்றாள். "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லணும்னா தொகுன்னு அமுக்கி, எழுதி, நாலு புழு வரைஞ்சு கையெழுத்துப் போட்டு, சேமிக்கணுமா? சமையல்கட்டிலிருந்து கத்தினா ஆச்சு." அந்த நாலு புழுவைத்தான் (~~~~) உலகமெங்கும் விக்கிப்பீடியர்கள் கையெழுத்தாகப் போடுகிறார்கள் என்று விளக்கினேன். கத்துவது என்ற முறையே நீடித்தது.

மகன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். "சாட் இல்லாததை எவன்ப்பா திறப்பான்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

சாட் வைக்கத் துணிந்தேன். விக்கிப் பக்கம் கேட்டால் கொடுக்கும், கொடுத்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும். அரட்டைக்கோ கதவு திறந்தே இருக்க வேண்டும். அதற்கு வெப்சாக்கெட் என்று ஒன்று, அதைக் கவனிக்கத் தனியாக ஒரு நிரல். பீரோ மேலிருந்த லேப்டாப் இரண்டு வேலை பார்க்கத் தொடங்கியதும் அதன் மின்விசிறி போட்ட சத்தத்தில் அத்தை, "மாப்ளே, மிக்ஸியை நிறுத்துங்க" என்றார்.

பெரியவர்களும் இதில் தடுமாறியவர்கள்தான் என்பது எனக்கொரு ஆறுதல். 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப்பேச்சுக்கு 'ஆலமரத்தடி' என்றொரு பக்கம் உண்டு. அங்கேயும் எழுதிச் சேமித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். உடனுக்குடன் பேச நினைத்த ஆங்கில விக்கிப்பீடியர்கள், 1988-இல் ஃபின்லாந்தில் உருவான ஐஆர்சி அரட்டைக்குப் போனார்கள். ஆனால் அங்கே பேசி முடித்தது முடிவாகாது. பக்கத்தில் வந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். ரசிகர்களின் விக்கிகளை நடத்திய விக்கியா நிறுவனம் அரட்டையைத் தளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. பேசியது எதுவும் தங்கவில்லை. ஆகவே பல விக்கிகளில் அந்த அரட்டையைப் பிடித்துப் பக்கமாகச் சேமிக்க, போட் என்ற தானியங்கி நிரல்களை எழுதினார்கள். பிறகு நிறுவனம் அரட்டையையே எடுத்துவிட்டது.

என் அப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. கீழே இருக்கிறவன் முகம் தெரியாது, மணிச் சத்தம்தான் பேச்சு. ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் ஓடும்போது ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறான். ஷிப்டு முடிந்ததும் நடந்ததை எழுத ரிப்போர்ட் புத்தகம் தனி. பம்ப் ஏன் நின்றது என்று யாரும் மணியடித்து விளக்கவில்லை. கேஜை நிறுத்தச் சொல்லிப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் காத்திருக்கவுமில்லை. விக்கிப்பீடியா தொடங்கியது 2001 ஜனவரி 15. எங்கள் சுரங்கத்தை மூடியது அதே ஆண்டு பிப்ரவரி 28. உலகம் கூடி எழுத உட்கார்ந்த ஒன்றரை மாதத்தில் எங்கள் ஊர் புத்தகத்தை மூடிவிட்டது.

சாட் வந்ததும் வீடு பொங்கியது. கோயம்புத்தூர் தங்கை, ஓசூர் மச்சான், ரயிலிலிருந்து மகன், பக்கத்து அறையிலிருந்து அத்தை, எல்லாரும் ஆஜர். 'சாப்பிட்டாச்சா', 'ஆச்சு', 'என்ன குழம்பு' என்று ஒரே வெள்ளம். 'டேங்கர் வியாழக்கிழமை' என்று என் மனைவி போட்ட செய்தி, மச்சான் அனுப்பிய காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்தது. வியாழனன்று டேங்கர் வந்தபோது குடம் எடுத்து ஓட ஆளில்லை. "தண்ணி எப்போ?" என்று அன்று மாலை அத்தை சாட்டில் கேட்டார். நான் மிடுக்காகத் 'தண்ணீர் வரும் நாள்' பக்கத்தின் சுட்டியைக் கொடுத்தேன். அதில் போன மாதத்துத் தேதி இருந்தது.

அன்றிலிருந்து ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு, சாட்டைப் படித்து, உருப்படியானதைப் பொறுக்கிப் பக்கங்களில் ஏற்றுகிறேன். விக்கியாக்காரர்கள் போட் எழுதினார்கள். எனக்கு எழுதத் தெரியாததால் நானே போட்.

சட்டமும் போட்டேன்: சாட்டில் பேசியது முடிவல்ல, பக்கத்தில் ஏறினால்தான் முடிவு. இது அமலில் இருக்கும்போதே அப்பாவின் தேக்குக் கட்டிலை ஓசூருக்குக் கொடுப்பதென்று சாட்டில் தீர்மானமாகி, கைதட்டும் பொம்மைகளும் விழுந்திருந்தன. விதிப்படி செல்லாது என்று நான் விளக்கமாகத் தட்டி முடிப்பதற்குள் வேன் ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டிவிட்டது.

வரலாறு நிற்கட்டும் என்று 'கட்டில்' பக்கத்தைத் திறந்து, 'ஓசூருக்குக் கொண்டுபோகப்பட்டது' என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் அது 'அவரே ஆசையாகக் கொடுத்தார்' என்று மாறியிருந்தது. என் மனைவியின் முதல் தொகுப்பு. 'சிறு தொகுப்பு' என்ற கட்டத்தில் டிக் வேறு.

'ஆசையாக' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று போட்டுச் சேமித்தேன். சாட்டில் உடனே பதில் வந்தது: "தட்டு வெச்சாச்சு. வேணுமா, வேணாமா?"