கோபெஸ்

ஜெர்மனியின் கொலோன் நகரத்து பீர் விடுதிகளில் பரிமாறுகிறவருக்குக் கோபெஸ் என்று பெயர். யாக்கோபு என்ற பெயர் அந்த ஊர்க்காரர்கள் வாயில் தேய்ந்து அப்படி ஆனதாம். நான் நம்பவில்லை. 'கோபம்' என்பதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முதல் தடவை போனபோது மரியாதையாகத் தண்ணீர் கேட்டேன். "சோப்பும் துண்டும் சேர்த்தா?" என்றார். அது அங்கே தாத்தா காலத்து ஜோக் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்காகவே யோசித்துச் சொன்னதாக நினைத்து மனம் வெந்தேன்.

பவேரியாக்காரர்கள் ஒரு லிட்டர் குவளையைத் தூக்குவார்கள். இங்கே கிளாஸ் 200 மில்லிதான். இருமல் மருந்துக்குக் கொஞ்சம் அண்ணன். அதில்தான் சூட்சுமம். கடைசி வாய் தொண்டையில் இறங்குமுன் அடுத்த கிளாஸ் வந்து உட்காரும், கிளாஸ் வைக்கும் அட்டையில் கணக்குக்குப் பென்சிலால் ஒரு கோடு விழும். கேட்கவே வேண்டாம். முடி வெட்டக்கூட முன்பதிவு கேட்கிற நாட்டில், விண்ணப்பமே இல்லாமல் வருவது இது ஒன்றுதான். போதுமென்றால் அட்டையைக் கிளாஸ் மேல் மூடிவிட வேண்டும். பந்தியில் இலையை மடக்குகிற மாதிரி. சும்மா கையைக் குறுக்கே நீட்டினால் அங்கே பாயசம், இங்கே பீர்.

பசித்தது. மெனுவில் 'ஹால்வே ஹான்'. அரைச் சேவல் என்று பெருமையாக மொழிபெயர்த்துக்கொண்டு கேட்டேன். வந்தது ரை ரொட்டி, தடிமனான சீஸ் துண்டு, கடுகு விழுது. "கோழி எங்கே?" என்றேன். கோபெஸ் சீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு கிளாஸ் வைத்துக் கோடு போட்டார்.

இந்த பீருக்கு கோல்ஷ் என்று பெயர். 1986-இல் மதுவாலைக்காரர்கள் கூடி ஒப்பந்தமே எழுதி, கொலோன் வட்டாரத்துக்கு வெளியே காய்ச்சியதை அப்படி அழைக்கக்கூடாது என்று கட்டிவைத்தார்கள். ஊர்ப் பேச்சுவழக்குக்கும் கோல்ஷ் என்றே பெயர். குடிக்கக்கூடிய ஒரே மொழி எங்களுடையது என்று பீற்றிக்கொள்வார்கள். நாமும் தமிழைத் தேன் என்றோம், அமுது என்றோம். கிளாஸில் ஊற்றி பில் போடத் தோன்றவில்லை. நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் டுசல்டார்ஃபின் கறுத்த பீரை இங்கே கேட்பது, மாமியார் வீட்டில் அம்மா சாம்பாரைப் புகழ்வதற்குச் சமம்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த மச்சானை அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டான். கோபெஸ் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "சோப்பும் துண்டுமா?" என்றேன்.

அவர் முறைத்தார். கிளாஸே வைக்காமல் என் அட்டையில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்.