எல்லை தாண்டிய இருமல்

தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. படித்துத் தேறியவர் அங்கே பதிந்துகொண்டால் ஊசி போடும் உரிமை வந்துவிடும், மாநில எல்லைவரை. நாட்றம்பள்ளிச் செவிலியர் பக்கத்து ஆந்திர ஊரான குப்பத்தில் வேலை பார்க்க ஆந்திரக் குழுமத்திலும், பெங்களூரு போனால் கர்நாடகக் குழுமத்திலும் பதிய வேண்டும். தடையில்லாச் சான்று தனி.

அருமையான ஏற்பாடு. வாணியம்பாடித் தோல் தொழிற்சாலையில் பிடித்த இருமல், சோதனைச்சாவடி தாண்டியதும் தெலுங்கில் இருமத் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு அது எப்படி விளங்கும்? தெர்மாமீட்டருக்கும் மாநிலவாரியாகப் பதிவு வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

அதே செவிலியருக்கு அமெரிக்க உரிமம் வேண்டுமென்றால் என்கிளெக்ஸ் (NCLEX) என்ற தேர்வு போதும். கணினி 85 கேள்விகளிலேயே ஆளை எடைபோட்டுவிடும். சந்தேகம் தீராவிட்டால் 150 வரை கேட்கும். மொத்தம் 5 மணி நேரம். தேர்வு மையம் பெங்களூரிலேயே உண்டு. விண்ணப்பம் ஏற்கப்பட்டவர் காலை பஸ்ஸில் போய் எழுதிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். தேறினால் அமெரிக்க நோயாளியைக் கவனிக்கும் தகுதி கைக்கு வரும். தேர்வு மையத்துக்கு எதிரே உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும் நாடி பிடிக்கக் கூடாது.

தேர்வு எழுதுவோர் பாஸ்போர்ட் அசலை எடுத்துச் செல்லவும். ஆதார் அங்கே செல்லாது.