லேப்டாப் ஹெட்போன் ஒலி இலக்கணம்

லேப்டாப்பிலிருந்து ஹெட்போனில் நல்ல ஒலி பெறுதலாவது, எண்களாகச் சேமிக்கப்பட்ட ஒரு பாட்டு அதிகச் சேதமில்லாமல் கேட்பவரின் செவிப்பறையைச் சென்று சேர்தல். இந்தப் பயணத்தில் பாட்டு கடக்கும் இடங்கள் ஐந்து: கோப்பு, கலவை, துளை, வழி, செவி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இயலும், எதிலும் அடங்காதவற்றுக்கு ஒரு புறனடையும் இங்கே வகுக்கப்படுகின்றன. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அடிப்பக்கத்தில் அமர்ந்து மேசையை நோக்கிப் பாடும் அதற்கு இலக்கணம் செய்ய இயலாது, இரங்கல் தெரிவிக்கலாம்.

1. கோப்பியல்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது இவ்வியலின் தலைவிதி. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, வினாடிக்கு 44,100 மாதிரிகளும் மாதிரிக்கு 16 பிட்டும் கொண்டது. மனிதக் காது எட்டும் உச்சம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையை முழுமையாக மீட்க அதன் அதிர்வெண்ணில் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம். ஆகவே 44,100 போதும். 16 பிட், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடம் விடுகிறது. அதுவும் போதும்.

அற்றேல், 24 பிட்டும் 192 கிலோஹெர்ட்ஸும் கொண்ட கோப்புகளைக் காசு கொடுத்து வாங்குவோர் எதைக் கேட்கிறார்கள் எனின், விலையைக் கேட்கிறார்கள் என்க. அமெரிக்காவில் மேயர், மொரான் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி அளவுக்குக் குறைத்த வடிவத்தையும், எது எதுவென்று கேட்பவர் அறியாமல், மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தனர். 554 சோதனைகளில் 276 முறை விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய இதே மதிப்பெண் கிடைத்திருக்கும்.

உண்மையான கேடு மறுமுனையில் இருக்கிறது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோவிலிருந்து ஒலியை உருவி, அதை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி வைத்த பாட்டு இருமுறை தேய்ந்தது. அதைப் பின்னர் தரம் குறைக்காமல் சேமிக்கும் எஃப்எல்ஏசி கோப்பாக மாற்றினால் கோப்பு பருக்கும். போன சிம்பல் ஒலி திரும்பாது. 320 கிலோபிட் எம்பி3-ஐ மூலத்திலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்கு இயலாத காரியம்.

2. கலவையியல்

பாட்டு, பிரவுசர் விளம்பரம், மின்னஞ்சல் வந்ததன் 'டிங்' ஆகிய மூன்றும் இயங்குதளத்தின் ஒரே கலவையில் விழுகின்றன. எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர, விண்டோஸ் 44,100 மாதிரிப் பாட்டை 48,000-க்கு மாற்றுவதுண்டு. இன்றைய மென்பொருளில் இதனால் வரும் சேதம் காதுக்கு எட்டாது. எட்டினாலும் எட்டும் என்று அஞ்சுவோருக்காக, ஒரு பிளேயர் மட்டுமே ஒலிச்சாதனத்தைக் கையகப்படுத்தும் தனியுரிமை முறை விண்டோஸ் விஸ்டா காலம் முதல் இருக்கிறது. அது இயங்கும்போது அலுவலக அழைப்பின் மணி ஒலிக்காது. இதைக் குறை என்போரும் உளர். நிறை என்போரே பலர்.

கலவையில் களைய வேண்டியவை இரண்டு. ஒன்று, லேப்டாப்புடன் வரும் 'சவுண்ட் எஃபெக்ட்' மென்பொருள். கச்சேரி அரங்கம், குகை, சினிமா தியேட்டர் என்று அது தரும் வசதிகள் அனைத்தும், ஒலிப்பதிவாளர் பாடுபட்டு அமைத்ததைக் கலைப்பதற்கே பயன்படுகின்றன. மற்றொன்று, வால்யூமை நூற்றுக்கு மேல் ஏற்றும் பிளேயர். எண்ணின் உச்சத்தைத் தாண்டிய அலையின் தலை வெட்டப்படும். அந்த வெட்டே கரகரப்பு.

3. துளையியல்

3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் மூதாதை, 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட 6.35 மில்லிமீட்டர் பிளக். அன்று முதல் இன்று வரை மாறாத விதி ஒன்று உண்டு: முழுவதும் செருக வேண்டும். அரைகுறையாகச் செருகினால் பொது இணைப்பு விடுபட்டு, இடது அலைக்கும் வலது அலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஹெட்போனுக்குப் போகும். பாடகரின் குரல் பொதுவாக இருபக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால், கழித்தலில் அவர் காணாமல் போவார்; எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மிஞ்சும். ஹெட்போன் பழுது என்று கடைக்குப் போகுமுன் பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது மரபு.

துளையின் இரைச்சல் இருவகைப்படும். மவுஸை நகர்த்தும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ கீச்சிடுவது மதர்போர்டின் குற்றம். சார்ஜரைப் பிடுங்கியதும் நிற்பது மின்வழியின் குற்றம். எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மாட்டியோ, பேட்டரியில் ஓட்டியோ சோதிக்கலாம். முதல் வகைக்கு மருந்து, எண்ணை மின்னலையாக்கும் வேலையை லேப்டாப்பின் உடலுக்கு வெளியே கொண்டுபோவது. விரல் நீள யூஎஸ்பி டாங்கிள் இதற்குப் போதும். அமெரிக்காவில் ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற ஹெட்போன் அடாப்டரே, அளந்து பார்த்தவர்களிடம் நற்சான்று பெற்றது.

ஹெட்போனின் மின்தடையும் இங்கே கருதத்தக்கது. 16 முதல் 32 ஓம் வரை உள்ளவை லேப்டாப்பிலேயே நன்கு பாடும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்களுக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். அவை லேப்டாப் துளையில் முணுமுணுக்கும். தங்க முலாம் பூசிய பிளக் குறித்து ஒரு வரி போதும்: தங்கம் துருப்பிடிக்காது.

4. வழியியல்

கம்பி வழி பற்றிச் சொல்ல எதுவுமில்லை; அதுவே அதன் சிறப்பு.

காற்று வழியாகிய புளூடூத்தில் எஸ்பிசி, ஏஏசி, ஆப்டெக்ஸ், வினாடிக்கு 990 கிலோபிட் வரை செல்லும் எல்டாக் எனப் பல சுருக்க முறைகள் உண்டு. எது சிறந்தது என்று கட்சி கட்டி வாதிடுவோர், அவ்வாதத்தையே தலைகீழாக்கும் ஒரு நிகழ்வைக் கவனிப்பதில்லை. பாட்டு ஓடுகிறது, ஒரு மீட்டிங்கில் சேர்கிறார்கள், மென்பொருள் ஹெட்போனின் மைக்கைத் திறக்கிறது. அந்தக் கணமே பழைய புளூடூத் இணைப்பு இசை முறையைக் கைவிட்டுத் தொலைபேசி முறைக்குத் தாவுகிறது. வினாடிக்கு 16,000 மாதிரிகள், சிலவற்றில் 8,000. அதுவும் ஒற்றைத் தடம். இடமும் வலமும் நின்ற வயலின்கள் நடு நெற்றியில் வந்து ஒட்டிக்கொள்ளும். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மினுமினுப்பு அறவே நீங்கும். பல ஆயிரம் ரூபாய் ஹெட்போனும் சில நூறு ரூபாய் ஹெட்போனும் சமத்துவம் எய்தும் இடம் இது.

பரிகாரம் செலவற்றது. ஒலி அமைப்பில் உள்ளீடாக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், வெளியீடாக மட்டும் ஹெட்போனையும் தேர்ந்தால் போதும். எல்இ ஆடியோ என்னும் புதிய முறை இக்குறையைத் தீர்க்க வல்லது. ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

5. செவியியல்

காதுக்குள் செருகும் இயர்போன் காதை அடைக்காவிட்டால் பாஸ் வராது. இதற்காகவே பெட்டியில் மூன்று அளவு ரப்பர் நுனிகள் தரப்படுகின்றன. அவற்றில் இரண்டு பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை. காதை மூடும் ஹெட்போனில் மூக்குக்கண்ணாடியின் காம்பு போடும் இடைவெளியும் இதே கேட்டைச் செய்யும்.

காது நடுநிலையான நீதிபதியும் அன்று. சத்தம் குறைந்தால் தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்வதாகத் தோன்றும் என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினர். ஆகவே சற்றே உரத்து ஒலிப்பதே தரமானதாகப் படும். இரு ஹெட்போன்களை ஒப்பிடுவோர் முதலில் வால்யூமைச் சமன்செய்க. உரத்துக் கேட்பதற்கும் எல்லை உண்டு: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும்.

புறனடை

மேற்கூறிய ஐந்திலும் அடங்காதது வீடு. மிக்சி ஓடும்போது 96 டெசிபெல் இடைவெளியின் கீழ்ப்பாதி சட்னியோடு போய்விடும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன், ஃபேன் போன்ற சீரான தாழ்ந்த ஒலியை நன்றாக அடக்கும். குக்கர் விசில் போலத் திடீரென உயர்ந்தெழுவதை அந்த அளவு அடக்காது. மூன்றாம் முறை பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலை அடக்கும் கருவி இருந்தாலும் பயன்படுத்தாமை நலம்.

இவற்றால் பெறப்படும் முடிபு: பெருங்கேடுகள் காசில்லாமல் தீர்கின்றன, காசு செலவாகச் செலவாகப் பயன் சுருங்குகிறது. எனவே முதலில் மைக் அமைப்பையும் பிளக்கையும் ரப்பர் நுனியையும் கோப்பையும் சரிபார்க்க. பணம் இருப்பின் ஹெட்போனில் இடுக. மிஞ்சின் டாங்கிளில் இடுக. கேபிளில் இடற்க.