பயணிகளின் கனிவான கவனத்திற்கு

டெல்லிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் பாதுகாப்புக்கு ஒருவரை முழுநேரமாக நியமித்திருக்கிறார்கள். காவல் துறையில் தேடாதீர்கள். ரயில்வேயிலும் இல்லை, சுற்றுலா அமைச்சகத்திலும் இல்லை. அந்த ஆள் நீங்கள்தான். சம்பளம் கிடையாது, படி கிடையாது. ஏதாவது நடந்துவிட்டால் விசாரணை மட்டும் உங்கள் மேல் நடக்கும்.

சென்னை சென்ட்ரலில் இரவு ஏறி, இரண்டு இரவு குலுங்கி, கட்டிக்கொண்டு போன புளியோதரை தீர்ந்து, மூன்றாம் நாள் காலை புது டெல்லி நிலையத்தில் இறங்குகிறீர்கள். ஒன்றாம் பிளாட்பாரத்துக்கு வெளியே பஹார்கஞ்ச். பதினாறாம் பிளாட்பாரத்துக்கு வெளியே அஜ்மீரி கேட். மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம். இதைச் சொல்ல ஆள் இல்லாததால் பாதிப் பேர் பஹார்கஞ்ச் பக்கம் போய் விழுகிறார்கள். விழுந்த இடத்தில் ஒரு மெட்டல் டிடெக்டர் வளையம். அதற்குள் புகுந்தால் 'பீப்' என்கிறது. பாட்டி போனால் பீப், பாட்டியின் இடுப்பில் இருக்கும் பேரன் போனாலும் பீப். பக்கத்து நாற்காலியில் இருக்கும் காவலர் நிமிர்வதில்லை. ஒவ்வொரு பீப்புக்கும் நிமிர்ந்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

நிமிர்ந்து பார்க்கிறவன் வேறொருவன். கழுத்தில் அட்டை தொங்குகிறது, அதில் ஏதோ ஒரு முத்திரை. உங்கள் பெட்டியோடு தொங்கும் ஜவுளிக்கடைப் பை ஒன்றே போதும், எந்த ஊர் என்று கணக்குப் போட்டுவிடுவான். "வாங்கண்ணா, சாப்ட்டாச்சா? ரூம் வேணுமா?" தமிழ்தான். இரண்டு நாளுக்குப் பிறகு அந்நியர் வாயில் கேட்கும் முதல் தமிழ். கூட வந்த அக்காவின் முகம் மலர்ந்துவிடுகிறது. செல்போனில் இருக்கும் ஓட்டல் பெயரைக் காட்டினால் உச்சுக் கொட்டுகிறான். "அந்தப் பக்கம் கலாட்டா அண்ணா, ரோடு பிளாக். ஓட்டலே மூடிட்டாங்க. வேணும்னா நீங்களே பேசிப் பாருங்க." எண்ணை அவனே அழுத்தித் தருகிறான். எதிர்முனைக் குரல் மிக வருத்தத்தோடு ஆமாம் என்கிறது. அந்தக் குரல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் அடுத்து ஆட்டோ போகிறது. வாசலில் மூவர்ணம், சுவரில் இந்திய வரைபடம், 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பெரிய பலகை, உள்ளே ஏசி, சூடாகத் தேநீர். குதுப்மினார் பார்க்க வந்த குடும்பம், மத்தியானத்துக்குள் காஷ்மீர் படகு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வெளியே வருகிறது.

இந்திய அரசின் நிஜமான சுற்றுலா அலுவலகம் 88, ஜன்பத்தில் இருக்கிறது. கன்னாட் பிளேஸிலிருந்து நடந்தே போகலாம். அதன் நிழலிலேயே அதன் போலிகள் பிழைக்கின்றன. இந்த வித்தை நேற்று முளைத்ததில்லை. வெளிநாட்டில் அச்சாகும் வழிகாட்டி நூல்கள் பதிப்புக்குப் பதிப்பு இதை விலாவாரியாக எழுதுகின்றன. எந்த வாசல், என்ன பொய், எந்தப் பக்கம் இழுப்பான் என்பது வரை. கடல் கடந்து அச்சடிக்கிறவருக்குத் தெரிந்தது, பத்தடி தள்ளி நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்பாவி மனிதர். அவ்வப்போது சோதனை நடக்கும், பேப்பரில் படம் வரும். பிறகு பலகையில் பெயர் மாறும். தேநீர் அதே தேநீர்.

சரி, ஏமாந்துவிட்டோம், யாரிடம் சொல்வது? அதற்கும் ஏற்பாடு உண்டு. 1363. சுற்றுலாப் பயணிகளுக்காக 2016 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய, 24 மணி நேரமும் இயங்கும் உதவி எண். ஒன்றிரண்டு இல்லை, 12 மொழிகளில் பேசலாம் என்று அறிவித்தார்கள். இந்தி, ஆங்கிலம், அரபு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஜப்பானியம், கொரியம், சீனம், போர்ச்சுகீசியம், ரஷ்யம், ஸ்பானியம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். தமிழ் இல்லை. தெலுங்கும் வங்காளமும் மராத்தியும்கூட இல்லை. பஹார்கஞ்ச் வாசலில் நிற்கும் ஏமாற்றுக்காரன் தன் சொந்தச் செலவில் தமிழ் கற்றிருக்கிறான். இந்தியக் குடியரசுக்கு அது கட்டுப்படியாகவில்லை. மதுரைக்காரர் பர்ஸைப் பறிகொடுத்தால் கொரிய மொழியில் அழத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் போர்ச்சுகீசியத்தில்.

ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்கிறார் என்று புலம்புகிறோம். அந்த ஆட்டோக்காரருக்கு ஆசான் யார்? அப்படியே ஆக்ரா போய் தாஜ்மகால் டிக்கெட் கவுண்டரில் நின்று பாருங்கள். இந்தியருக்கு 50 ரூபாய், அயல்நாட்டவருக்கு 1,100 ரூபாய். 22 மடங்கு. முகத்தைப் பார்த்து விலை சொல்வதை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது அந்தக் கவுண்டர்தான். ஆட்டோவில் நடந்தால் கொள்ளை, ரசீது போட்டு வாங்கினால் பாரம்பரியப் பாதுகாப்பு. மீட்டர் போடாத ஆட்டோக்காரரிடம் எனக்குக் கோபம் உண்டுதான். ஆனால் அவர் 'அதிதி தேவோ பவ', விருந்தினரே தெய்வம் என்று விளம்பரம் கொடுத்துவிட்டுக் கேட்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காசுக் கணக்கு, சிரித்துக்கொண்டே எழுதலாம். இனி முடியாது.

2014 ஜனவரியில் டென்மார்க்கிலிருந்து வந்த 52 வயதுப் பெண் ஒருவர், பஹார்கஞ்சில் இருந்த தன் ஓட்டலுக்கு வழி தெரியாமல் சிலரிடம் வழி கேட்டார். கேட்டதற்குக் கத்தி முனையில் கூட்டு வன்புணர்வு. நடந்த இடம் புது டெல்லி நிலையத்துக்கு அருகே, ரயில்வே அதிகாரிகளின் மனமகிழ் மன்றத்தை ஒட்டி. காடோ கரையோ இல்லை, அரசின் சொந்த வளாகம். 2016 ஜூனில் ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அந்தத் தீர்ப்பின் மை காய்ந்திருக்குமா தெரியவில்லை, ஆகஸ்டில் அன்றைய மத்திய சுற்றுலா அமைச்சர் மகேஷ் சர்மா ஆக்ராவில் பேசினார். விமான நிலையத்தில் வெளிநாட்டவருக்கு வரவேற்புப் பை கொடுக்கிறோம், அதில் செய்ய வேண்டியவை, கூடாதவை என்று ஓர் அட்டை இருக்கிறது என்றார். இரவில் தனியே போகாதீர்கள், குட்டைப் பாவாடை அணியாதீர்கள், ஏறும் வண்டியின் எண்ணைப் படமெடுத்து நண்பருக்கு அனுப்புங்கள் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும், கோயில் குளத்துக்குப் போகும்போது அணியும் உடையைத்தான் சொன்னேன் என்று விளக்கம் வந்தது. வழி கேட்கக் கூடாது என்பதை மட்டும் அட்டையில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலும்.

பாஜக அமைச்சர் என்பதால் பிடித்துக்கொண்டேன் என்று யாரும் வரிந்துகட்ட வேண்டாம். 2008இல் டெல்லியில் வேலை முடிந்து நள்ளிரவுக்கு மேல் காரில் வீடு திரும்பிய பெண் பத்திரிகையாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, காங்கிரஸ் முதல்வர் ஷீலா தீட்சித் சொன்னது என்ன? இவ்வளவு துணிச்சல் கூடாது என்பதுதான். முதல்வரும் பெண், செத்ததும் பெண். குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2023 ஆனது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு நாடே தெருவுக்கு வந்ததே, அப்போது 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதி என்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதில் பெரும்பங்கு ஆண்டுக்கணக்கில் செலவழியாமலே தூங்கியது. அறிவுரைக்கு நிதி தேவையில்லை என்பதால் அது மட்டும் தடையின்றி நடந்தது.

மூன்றாவது கட்சி விட்டுப்போகக் கூடாதே. 2021இல் ஒரு சதுர மைலுக்கு 1,826 கண்காணிப்பு கேமராக்களோடு உலகப் பட்டியலில் டெல்லி முதலிடம் பிடித்தது. லண்டனையும் நியூயார்க்கையும் ஷாங்காயையும் முந்திவிட்டோம் என்று ஆம் ஆத்மி முதல்வர் கேஜ்ரிவால் பெருமைப்பட்டார். பட்டியலில் நம் சென்னைக்கு மூன்றாமிடம். நாமும் கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம். கேமரா எல்லாவற்றையும் பார்க்கிறது. பார்த்து என்ன செய்கிறது என்று கேட்பது வளர்ச்சிக்கு எதிரான மனநிலை.

2025 பிப்ரவரி 15 இரவு அதே புது டெல்லி நிலையத்தில் கும்பமேளாவுக்குப் போகக் கூட்டம் நெரிந்து 18 பேர் செத்தார்கள். முதலில் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். பிறகு நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றார்கள். பிரயாக்ராஜ் பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள், அறிவிப்பில் குழப்பம் என்று போலீஸ் தரப்பு சொன்னது. நான்கு நாளில் டெல்லி உயர் நீதிமன்றம் சின்னதாக ஒரு கேள்வி கேட்டது: ஒரு பெட்டிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கச் சொல்லி 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 57வது பிரிவு இருக்கும்போது, அதற்கு மேல் ஏன் டிக்கெட் விற்கிறீர்கள்? அந்த ஆகஸ்டில் மாநிலங்களவைக்கு ரயில்வே அமைச்சரின் எழுத்துபூர்வமான பதில் வந்தது. நடைமேம்பாலப் படிக்கட்டில் ஒரு பயணியின் தலையில் இருந்த பெரிய மூட்டை கீழே விழுந்தது. அதனால் தடுக்கி விழுந்தார்கள்.

மூட்டை! பெட்டிக்கணக்கை மீறி டிக்கெட் விற்ற கவுண்டர் இல்லை, கூட்டத்தை நிறுத்தாத அதிகாரி இல்லை. கங்கையில் முங்க மாற்றுத்துணி கட்டிக்கொண்டு வந்த யாரோ ஒரு ஏழையின் மூட்டை. டென்மார்க் பெண் வழி கேட்டிருக்கக் கூடாது, பத்திரிகையாளர் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், கும்பமேளாக்காரர் மூட்டை இல்லாமல் வந்திருக்க வேண்டும். இந்த ஊருக்கு மிகவும் பாதுகாப்பான பயணி வீட்டிலேயே இருப்பவர்தான். வராமலே 50 ரூபாயோ 1,100 ரூபாயோ அனுப்பிவைத்தால் இன்னும் விசேஷம்.

அப்படியும் போய், உங்கள் செல்போன் பறிபோனது என்று வையுங்கள். ரயில் நிலையத்துக்குள் என்றால் டெல்லி போலீஸின் ரயில்வே பிரிவு, படிக்கட்டுக்கு வெளியே என்றால் அதே டெல்லி போலீஸின் வேறொரு காவல் நிலையம். திருடன் எந்தப் படியில் கை வைத்தான் என்பதை நீங்கள் கவனித்திருக்க வேண்டும். எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதையெல்லாம் சத்தமாக வாசிக்காதீர்கள். ஒரு வழியாக மேஜைக்கு எதிரே உட்கார்ந்தால், எழுத்தர் அன்பாகவே சொல்வார்: திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், விசாரணைக்கு வர வேண்டும், நீங்களோ வெளியூர். 'தொலைந்துவிட்டது' என்று ஆன்லைனில் பதிந்தால் ரெண்டே நிமிஷம், ரசீது உங்கள் மெயிலுக்கே வந்துவிடும். சிம் கார்டு வாங்க அது போதும். ஊருக்குத் திரும்பும் வண்டி அன்றைக்கு ராத்திரி. பிள்ளை பசிக்கு அழுகிறது. எழுத்தர் கம்ப்யூட்டரை உங்கள் பக்கம் திருப்புகிறார். யார் தொலைத்தது என்ற கட்டத்தில் உங்கள் பெயரை நீங்களே அடிக்கிறீர்கள். திருட்டுக் கணக்கில் அன்றைக்கு ஒன்று குறைகிறது.