அசல் கொடுத்த அபசாரம்

எங்கள் ஊரான திருப்புலிவனத்தில் கோயில் கொண்டிருக்கும் வியாக்ரபுரீஸ்வரரைப் பூசித்த முனிவர், வண்டுகள் வந்து மொய்ப்பதற்கு முன்பே மலர்களைப் பறித்துவிட வேண்டும் என்ற பக்திப் பெருக்கினால், விடியலுக்கு முந்தைய இருட்டிலும் பார்க்கக்கூடிய கண்களையும், மரத்தில் வழுக்காமல் ஏறத்தக்க புலியின் கால்களையும் இறைவனிடம் கேட்டுப் பெற்றார் என்பது புராணம். வரம் கேட்கும் சந்தர்ப்பம் ஒன்று வாய்த்தபோது பொன்னையும் பொருளையும் கேட்காமல் புலிக்காலைக் கேட்டாரே என்று சிறு வயதில் நான் ஆச்சரியப்பட்டதுண்டு. மாதம் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் உத்தரமேரூர் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டு, கணக்கெழுதுகிறவனுக்குச் சற்றும் பொருந்தாத வகையில் நாலு திசையிலும் கடன்பட்டு நின்ற காலத்தில்தான், ஊர் விழிப்பதற்கு முன் ஓசையின்றித் தெருவைக் கடக்கும் கால்களும் இருட்டில் வழி தெரியும் கண்களும் ஒரு குடும்பஸ்தனுக்கு எத்தனை அத்தியாவசியமானவை என்பதும், முனிவர் எவ்வளவு தீர்க்கதரிசி என்பதும் எனக்கு விளங்கின.

கடன்கள் ஒவ்வொன்றும் கௌரவமான காரணங்களுக்காகவே வந்தவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து, ரெண்டு வட்டிக்கு வாங்கியது 60,000. தகப்பனாரின் வைத்தியச் செலவுக்காக மனைவியின் சங்கிலி வங்கிக்குப் போயிற்று. மழைக்கு ஒழுகிய தளத்தை மராமத்துச் செய்ய மைத்துனர் கொடுத்தது 40,000. தையல் இயந்திரம் வாங்குவதற்கென்று மனைவி மகளிர் குழுவில் எடுத்த கடன் நாலாவது. அந்தத் தையல் இயந்திரம் இன்றுவரை எங்கள் துணிகளை மட்டுமே தைத்து வருகிறது.

வெளியூர்க்காரர்கள் ரெண்டு வட்டி என்பதைக் கேட்டு, இவ்வளவு மலிவாகவா என்று வியக்கக்கூடும். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. ஐம்பது மாதம் தவறாமல் கட்டினால், வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கொடுத்து முடித்துவிட்டு, அசல் மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே இளமை குன்றாமல் நிற்பதைத் தரிசிக்கலாம். தண்டல் என்பதோ இதைக் காட்டிலும் விசேஷமானது: பத்தாயிரம் என்று பேசி, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிப் போகும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கந்துவட்டித் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று இவற்றையெல்லாம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டம் இயற்றுகிறவர்களுக்கு இத்தனை உட்பிரிவுகள் தெரிந்திருந்தன என்பது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே இருந்தது.

பத்திரிகைகளில் நிதி ஆலோசனை கூறும் மேதாவிகள், பல கடன்கள் உள்ளவன் எதை முதலில் அடைக்க வேண்டும் என்பதைப் பற்றி இரண்டு சித்தாந்தங்களை வைத்திருக்கிறார்கள். அதிக வட்டியுள்ளதை முதலில் தீர்க்க வேண்டும் என்பது ஒன்று. சிறிய கடனை முதலில் தீர்த்து உற்சாகம் பெற வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது கணித சாஸ்திரப்படியும் பின்னது மனோதத்துவப்படியும் பழுதற்றவைதாம் என்றாலும், அவர்களில் ஒருவரும் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில், காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூர் போகும் பேருந்துக்காகக் காலை வேளையில் நின்றதில்லை என்று நினைக்கிறேன். நின்றிருந்தால், வட்டி விகிதத்தைவிடக் கடன் கொடுத்தவர் நடமாடும் வழியே இந்த விஷயத்தை நிர்ணயிக்கிறது என்பதைக் கண்டுகொண்டிருப்பார்கள்.

ஏனெனில் எனக்குப் புரோநோட்டின் பேரில் பணம் கொடுத்த பெரியவர், அந்த நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை பெஞ்சில்தான் காலை நேரத்தில் எழுந்தருளியிருப்பார். அவர் ஒரு நாளும் பணத்தைப் பற்றிப் பேசியதில்லை. "வாங்க சார், டீ சாப்பிடலாம்" என்பார். கடைக்காரரைப் பார்த்து, "சாருக்குச் சக்கரை கம்மியா போடு" என்பார். என் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவுகூட அவருக்குத் தெரியும். கண்ணாடித் தம்ளரின் விளிம்பைப் பிடித்து இரண்டு முறை ஊதிய பிறகு, எங்கோ வயல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பாப்பா காலேஜுக்கு ஒழுங்கா போவுதா?" என்று கேட்பார். 60,000 ரூபாய், அதன் வட்டி, ரெவின்யூ ஸ்டாம்ப், அதன்மேல் குறுக்காகப் போட்ட என் கையெழுத்து, மூன்று வருஷக் கெடு முடிவதற்குள் நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கெடுவைப் புதுப்பிக்க வேண்டிய அவசியம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கும். "போவுதுங்க" என்பேன். டீக்குக் காசு அவரே கொடுப்பார். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டால் மனம் வருந்துவார். கணக்கெழுதுகிற புத்தி சும்மா இருக்குமா? டீயின் விலை மாதத்துக்கு ஏறக்குறைய 300 ரூபாய் ஆகிறபடியால், 1,200 ரூபாய் வட்டியில் அதைக் கழித்தால், வெளிப்பார்வைக்கு ரெண்டு வட்டியாகத் தோன்றுவது உள்ளபடிக்கு ஒன்றரை வட்டிதான் என்று ஆலைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கிட்டு வைத்திருந்தேன்.

மைத்துனர் கொடுத்த பணத்துக்கு வட்டி கிடையாது. வட்டியில்லாக் கடனைப்போல விலை உயர்ந்த சரக்கு இந்த ஜில்லாவில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். "பணம் எங்க போவுது மாமா, மெதுவா குடுங்க" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு அவர் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனால், அது பெட்ரோல் தீர்ந்த நிலையில்தான் திரும்பி வரும். அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் வரப்புத் தகராறு வந்தபோது, நியாயம் யார் பக்கம் இருக்கிறது என்பதை அறியுமுன்பே நான் அவர் பக்கம் நிற்க வேண்டியதாயிற்று. அவர் சொல்லும் ஹாஸ்யங்களுக்கு நான் முதல் ஆளாகச் சிரிக்கிறேன் என்று என் பெண்ணே ஒரு முறை சுட்டிக்காட்டினாள்.

மைத்துனர் என்றதும் உத்தரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டு, குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறும் அந்தச் சாசனத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆலை வேலையாகப் போகிற நான் அந்தச் சுவரைத் தினமும் கடக்கிறேன். சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வாரியத்துக்கு நிற்க முடியாது என்பதோடு சபையோர் திருப்தி அடைந்துவிடவில்லை. அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், மருமகன் என்று உறவு முறையை ஒன்று விடாமல் வரிசைப்படுத்தி, அவர்களில் ஒருவர் பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் இடக்கூடாது என்று விதித்தார்கள். இது கணக்குக் காட்டாதவர்களைப் பற்றிய விதியே தவிரக் கடன்காரர்களைப் பற்றியதல்ல. அந்தக் கருணைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கடனுக்கும் அதே விதியை நீட்டியிருந்தால், இந்தத் தாலுகாவில் குடம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சோழர் காலத்துக் கடனை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை உண்டாகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் காசை முதலாகப் பெற்ற ஊர்ச் சபைகள், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கொடுத்தன. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. மாதக் கணக்கில் ஒரு வட்டிக்குச் சற்றே மேல். இந்தத் தகவலை ஒரு நாள் டீக்கடையில் வெளியிட்டபோது, பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ராஜராஜன் ரொம்ப நல்லவரா இருந்திருப்பாரு சார், ஆனா தொழில் தெரியாதவரு" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரியல்ல. அந்த முதலை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சந்திர சூரியர் உள்ள வரையில் வட்டி வந்துகொண்டிருந்தால் போதும் என்பதே ஏற்பாடு. விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் சங்கதி இன்னும் நயமானது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகளைப் பெற்ற இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடானாலும் செத்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர் வைத்தார்கள். சாகாத, மூப்படையாத முதல்! என் புரோநோட்டை அப்போதே பார்த்துவிட்டுப் பெயர் வைத்ததைப் போலிருக்கிறது.

கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே சிறந்த ஜாமீன் என்று கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை அரசாங்கத்துக்காகக் கூட்டுறவு முறையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் துரை. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்தாரைச் சேர்த்து நடத்திய கடன் சங்கங்களை மெச்சி, 1895லும் 1897லும் இரண்டு பாகமாக அவர் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கள் காஞ்சிபுரத்திலேயே பதிவாயிற்று. தேச சரித்திரத்தில் கடனைப் பொறுத்தவரை நாங்கள் முன்னணியில் நிற்கிறோம் என்பதற்கு இது அத்தாட்சி. அந்தத் தத்துவத்தின் வாரிசுதான் என் மனைவியின் குழு. வாரம் ஒரு நாள் ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து உட்காருகிறார்கள். ஒருத்தி தவணை கொண்டு வராவிட்டால், மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை ஒருவரும் எழுந்திருப்பதில்லை. ஜப்தி நோட்டீஸ், வக்கீல், கோர்ட்டு எதுவும் தேவைப்படுவதில்லை. எனவே எங்கள் வீட்டில் எது தவறினாலும் குழுப் பணம் தவறியதில்லை. அரிசி வாங்குவதற்கு முன்பே அது முடிச்சாகக் கட்டப்பட்டு உத்தரத்தில் செருகப்பட்டுவிடும்.

கும்பகோணத்துக்கு அருகில் திருச்சேறையில் ருண விமோசனலிங்கேஸ்வரர் இருக்கிறார், போய் வாருங்கள் என்று சிலர் சொன்னார்கள். போய் வரும் செலவுக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தபடியால் போகவில்லை. மைத்ர முகூர்த்தத்தில் அசலில் சிறிது திருப்பிக் கொடுத்தால் கடன் சீக்கிரம் தீரும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. அனுஷ நட்சத்திரத்தில் விருச்சிக லக்கினம் பார்த்து, 2,000 ரூபாயோடு பெரியவரின் வீட்டுக்குப் போனேன். "இன்னா சார், சில்லறையாவா? மொத்தமா வரும்போது குடுங்க" என்று அதைத் திருப்பிக் கையில் வைத்து மோர் கொடுத்து அனுப்பினார். முகூர்த்தம் மோரோடு முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வட்டிக் கணக்குகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மனைவி கை வளையல்களைக் கழற்றி அந்தக் காகிதங்களின்மேல் வைத்தாள். "ஏங்க, இத்தையும் பேங்குல வச்சுட்டு, அவரு நோட்டைக் கிழிச்சுக்கினு வந்துடுங்க. அவரு வூட்டு வழியா கோயிலுக்குப் போவ முடியல, குளக்கரையைச் சுத்திக்கினு போறேன்" என்றாள். தங்கம் விலை ஏறியிருந்த ஏற்றத்தில், இரண்டு வளையல்களுக்கே கேட்ட தொகை கிடைத்தது. வட்டியும் பாதிக்கும் குறைவு. மேதாவிகளின் முதல் சித்தாந்தம் இவ்வாறு எங்கள் வீட்டில் நிறைவேறியது என்றாலும், அதற்குக் காரணம் குளக்கரையின் தூரம். கடன் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. முகமுள்ள இடத்திலிருந்து முகமில்லாத இடத்துக்கு மாறியது. வங்கி குறுஞ்செய்தி அனுப்பும்; பாப்பாவைப் பற்றி விசாரிக்காது.

பெரியவர் நோட்டுகளை எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். பீரோவிலிருந்து புரோநோட்டைத் தேடி எடுக்க வெகு நேரம் பிடித்தது. கையெழுத்தின் குறுக்கே கிழித்து என்னிடம் கொடுத்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "இப்ப இன்னா அவசரம் சார்? நம்ம மேல எதனா கோவமா?" என்று கேட்டார். கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று எவ்வளவோ சமாதானம் சொன்னேன். பெண்ணின் அடுத்த வருஷக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் தைரியமாக உட்கார்ந்தேன். வெயிலைப் பற்றியும் ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டதைப் பற்றியும் பேசினார். பாப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. பேருந்து வந்தபோது கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். டீயில் சர்க்கரையும் அன்றைக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது.